பெட்ரோல் முள் சொன்ன சாட்சி

"முள்ளு பொய் சொல்லுமா சார்? மனுஷன் சொல்லுவான். முள்ளு சொல்லுமா?"

உமாபதி மேஜையைத் தட்டியபோது விரல்களில் இருந்த நாலு மோதிரங்களும் கூடவே தட்டின.

துப்பறியும் மயில்வாகனம் அந்த மோதிரங்களை ஒரு தடவை எண்ணிப் பார்த்தார். அவர் பதினெட்டு வருஷம் தனியார் பஸ் கம்பெனி ஒன்றில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். ஒருநாள் டிக்கெட் வாங்காமல் வந்த ஒருவரை வாலாஜாபாத்தில் நடுரோட்டில் இறக்கிவிட்டார். இறங்கியவர் பஸ் முதலாளியின் மைத்துனர். மறுநாள் கம்பெனி மயில்வாகனத்தை இறக்கிவிட்டது. அன்றிலிருந்து மூங்கில் மண்டபத்துப் பக்கம் ஒரு வெற்றிலை மண்டியின் மாடியில் துப்பறியும் நிலையம் நடத்தி வருகிறார். பொய் சொல்கிறவனை முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். உண்மை சொல்கிறவனைக் கண்டுபிடிக்கத்தான் அவருக்கு நேரமாகும். பழக்கம் போதாது.

"எந்த முள்ளுங்க?" என்று ஜன்னலோரம் இருந்து குரல் வந்தது. "மீன் முள்ளா, கருவேல முள்ளா?"

"நான் சுத்த சைவம்மா!" என்று பதறினார் உமாபதி.

கேட்டவள் கமலவேணி. மயில்வாகனத்தின் உதவியாளர். பிள்ளையார்பாளையத்தில் பதினைந்து வருஷம் தறியில் உட்கார்ந்தவள். முட்டி தேய்ந்து, இனி தறிக்குழியில் இறங்கக் கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு இங்கே வந்து சேர்ந்தாள். கால்தான் தேய்ந்திருந்தது. நாக்கு புத்தம் புதிதாக இருந்தது.

"காருல பெட்ரோல் காட்டுற முள்ளும்மா," என்றார் உமாபதி. "ரெண்டு மாசமா பாக்கிறேன். வண்டியில இருந்து எறங்கச்சொல்ல முள்ளு பாதியில நிக்குது. திரும்பி வந்து ஏறினா சைபர்ல படுத்துக்கினு இருக்குது. நடுவுல வண்டிகிட்ட இருக்கிறவன் என் டிரைவர் ஒருத்தன்தான். தர்மன். பேரைப் பாருங்க, தர்மனாம்!"

எழுபத்து நாலாம் வருஷம் அது. பெட்ரோல் விலை ஏறிய ஏற்றத்தில், காஞ்சிபுரத்தில் கார் வைத்திருந்தவர்கள் பெட்ரோலை நெய் மாதிரி அளந்து ஊற்றிக்கொண்டிருந்தார்கள். காந்தி ரோட்டில் 'வடிவாம்பாள் சில்க் ஹவுஸ்' நடத்தும் உமாபதி நெய்யையும் அளந்துதான் ஊற்றுவார்.

"சரி, நான் என்ன செய்யணும்?" என்றார் மயில்வாகனம்.

"ஏட்டு தேவசகாயம் என் கடையில உக்காந்து கலர் சோடா குடிச்சுக்கினு இருக்கார். நீங்க வந்து 'இவன்தான் திருடன்'னு ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா எழுதிக்கினு அழைச்சுக்கினு போயிடுவார். ஒரு நிபுணர் வாயால வந்தா கேஸ் கெட்டியா இருக்கும்னாங்க."

"அப்போ திருடன் யாருன்னு நாங்க கண்டுபிடிக்க வேணாமா?"

"அதை நான் கண்டுபிடிச்சுட்டேன் சார். நீங்க துப்பறிஞ்சா போதும்."

கமலவேணி செருப்பை மாட்டிக்கொண்டாள். "வாங்க சார், போலாம். பதிலை எழுதிட்டு கணக்கைப் போடச் சொல்றாங்க. நமக்கு வேலை மிச்சம்."

*

கடை வாசலில் கார் நின்றிருந்தது. கறுப்பு நிறத்தில் பழைய சீமைக் கார். உமாபதி அதற்கு மூன்றாவது முதலாளி. முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் தர்மன் குந்தியிருந்தான். நாற்பது வயதிருக்கும். கூரத்திலிருந்து தினம் சைக்கிளில் வந்து பதினோரு வருஷமாக இந்தக் காரை ஓட்டுகிறவன்.

"என் கொயந்தைங்க மேல சத்தியம் சார். ஒரு சொட்டு எடுக்கல," என்றான் எழுந்து நின்று.

மயில்வாகனம் அவன் முகத்தைப் பார்த்தார். பெட்ரோல் விஷயத்தில் அந்த முகம் சுத்தமாக இருந்தது. ஆனால் அதற்குக் கீழே வேறு ஏதோ ஒன்று ஒளிந்திருந்தது.

கடைக்குள் கல்யாணப் புடவை வியாபாரம் நடந்துகொண்டிருந்தது. செய்யாறிலிருந்து பெரியநாயகி என்ற அம்மாள் மகளுக்கு முகூர்த்தப் புடவை எடுக்க உறவுக்காரர்களோடு வந்திருந்தாள். அவர்களுக்கு நடுவே, ஒரு ஸ்டூலில், ஏட்டு தேவசகாயம் இரண்டாவது கலரை உறிஞ்சிக்கொண்டிருந்தார். துப்பறிவாளரைப் பார்த்ததும் பாட்டிலோடு வெளியே வந்தார்.

"சாவியைத் திருப்புப்பா," என்றார் மயில்வாகனம்.

தர்மன் திருப்பினான். மற்ற முட்கள் எல்லாம் ஒழுங்காக எழுந்து நின்றன. பெட்ரோல் முள் மட்டும் சைபரில் அசையாமல் கிடந்தது.

"பார்த்தீங்களா! நேத்து சாயந்தரம் பாதிக்கு மேல இருந்துது!" என்றார் உமாபதி. ஏட்டு குறிப்பு எடுக்க நோட்டைத் திறந்தார்.

"கமலா, உள்ள ஒரு மூங்கில் சிம்பு இருந்தா வாங்கிக்கினு வா."

கமலவேணி கொண்டுவந்த சிம்பை மயில்வாகனம் பெட்ரோல் டேங்கின் வாயில் விட்டு, அடி தட்டும் வரை இறக்கி, மெல்ல வெளியே எடுத்தார். பாதிக்கு மேல் நனைந்திருந்தது. எல்லாரும் பார்க்கும்படி அதைத் தூக்கிக் காட்டினார்.

"பெட்ரோல் வெச்ச இடத்துல வெச்சபடி இருக்குது. முள்ளுக்குத்தான் கண்ணு தெரியல."

உமாபதி கொஞ்ச நேரம் சிம்பையே பார்த்தார். பிறகு முகம் மலர்ந்தது. "புரிஞ்சுபோச்சு! எடுத்திருக்கான். நீங்க வர்றீங்கன்னு தெரிஞ்சதும் பயந்து திரும்ப ஊத்திட்டான்!"

"அப்படிப்பட்ட திருடன் தெருவுக்கு ஒருத்தன் இருந்தா ஊரு உருப்பட்டுடும்," என்றாள் கமலவேணி.

"பெட்ரோல் இருந்தா கேஸ் நிக்காதுங்க," என்றார் ஏட்டு வருத்தத்துடன். இரண்டு கலர் குடித்துவிட்டு வெறும் கையோடு போக அவருக்கும் மனசு வரவில்லை.

மயில்வாகனம் முள் இருந்த கண்ணாடியை விரலால் சுண்டினார். அசையவில்லை. முள்ளைப் பார்க்கச் சொல்லி கமலவேணியை முன்சீட்டில் உட்காரவைத்துவிட்டு, பின்பக்கம் போய், இரண்டு கைகளையும் டிக்கி மேல் ஊன்றி, வண்டியை ஒரு குலுக்குக் குலுக்கினார்.

"எழுந்துச்சு சார்!" என்று முன்சீட்டிலிருந்து கத்தினாள் கமலவேணி. "பாதிக்கு வந்துச்சு... ஆ, திரும்பப் படுத்துக்குச்சு."

"முன்னால ஒண்ணும் இல்ல. கோளாறு பின்னால இருக்குது," என்றார் மயில்வாகனம்.

இதைக் கேட்டு நியாயமாகத் தர்மன் மகிழ்ந்திருக்க வேண்டும். அவனோ சட்டைக் கையால் நெற்றியைத் துடைத்தான். துடைத்த இடத்தில் மறுபடி வேர்த்தது. கமலவேணி காரிலிருந்து இறங்கி அவன் எதிரில் வந்து நின்றாள்.

"இன்னாபா, பெட்ரோல் கெடைச்சுது. நீ தப்பிச்சே. அப்புறம் இன்னாத்துக்கு வேர்க்குது?"

தர்மன் டிக்கியைப் பார்த்தான். உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டான். மயில்வாகனத்துக்கு அது போதுமாக இருந்தது.

"முள்ளு எந்தெந்த நாள்ல படுக்குது?" என்று உமாபதியிடம் கேட்டார்.

"சனிக்கிழமை சனிக்கிழமை சார். இன்னிக்கும் சனிக்கிழமைதானே? ஜோசியர்கூடச் சொன்னார், சனி பார்வை இருக்குதுன்னு. எள்ளு தீபம் போட்டாச்சு. திங்கக்கிழமைக்கு மேல கொஞ்சம் தெளியுது. சனிக்கிழமை ஆனா திரும்பப் படுத்துடுது."

"முள்ளுக்குக்கூடவா ஏழரை நாட்டு சனி?" என்றாள் கமலவேணி. "பாவம், அது எத்தினியாவது வீட்டுல இருக்குது?"

"வெள்ளிக்கிழமை வண்டிக்கு என்ன செய்வீங்க?" என்று கேட்டார் மயில்வாகனம்.

பதில் மாடிப்படியிலிருந்து வந்தது. "ஆரத்தி சுத்துவேன்."

படியில் நின்றவள் உமாபதியின் மனைவி வடிவாம்பாள். கடைக்கு மேலே வீடு. சத்தம் கேட்டு இறங்கி வந்திருந்தாள். "மஞ்சளும் சுண்ணாம்பும் கரைச்சு, எலுமிச்சம்பழம் பிழிஞ்சு, சுத்தி டிக்கி மேல ஊத்துவேன். பட்டெல்லாம் அதுலதானே போவுது? ஊரு கண்ணு படக் கூடாதுல்ல?"

"ஊரு கண்ணு படல. தண்ணி உள்ள இறங்கிடுச்சு," என்று சொல்லிக்கொண்டே மயில்வாகனம் டிக்கியைத் திறந்தார்.

தர்மன் தடாலென்று அவர் காலில் விழுந்தான்.

"சார், வேணாம் சார். நானே சொல்லிடுறேன்."

தெருவில் போன சைக்கிள்கள் இரண்டு நின்றன. கடைக்குள் இருந்த பெரியநாயகி தோளில் சாத்திப் பார்த்த புடவையோடு வாசலுக்கு வந்துவிட்டாள்.

"ரெண்டு மாசம் முன்னால மெட்ராஸ்ல இருந்து வரச்சொல்ல, ஸ்ரீபெரும்புதூர் தாண்டி ஒரு பள்ளத்துல வண்டி தூக்கிப் போட்டுச்சு. டிக்கில இருந்த பெட்டி சரிஞ்சு, டேங்குல இருந்து வர்ற ஒயரு அறுந்துடுச்சு. முள்ளு வுழுந்துடுச்சு. மொதலாளி முன்சீட்டுல தூங்கிக்கினு இருந்தார். எழுந்து பார்த்தா என் சம்பளத்துல புடிப்பாரு. அறுந்த முனைங்க எட்டல, கையில வேற ஒயரும் இல்ல. டிக்கில ஜரிகைக் கட்டு ஒண்ணு இருந்துச்சு..."

"அடப்பாவி!" என்றார் உமாபதி.

"ஒரு முழம் பிச்சு, நாலா மடிச்சு முறுக்கி, அறுந்த ரெண்டு முனையையும் சேர்த்துக் கட்டினேன். வெள்ளியில கரண்ட் ஓடும்னு தெரியும். ஓடுச்சு. வெள்ளியும் தங்கமும்னு தெரிஞ்சேதான் எடுத்தேன் சார். மறுநாளே ஏகாம்பரநாதர் உண்டியல்ல அஞ்சு ரூபா போட்டேன். அதுக்கப்புறமும் எனக்குத் தூக்கமில்ல. முள்ளு படுக்கிறப்பல்லாம் சாமிதான் காட்டிக் குடுக்குதுன்னு நெனைச்சுக்கினேன்."

மயில்வாகனம் டிக்கியின் விரிப்பைத் தூக்கினார். டேங்கின் தலையிலிருந்து ஓடிய ஒயரின் நடுவில் எண்ணெய்த் துணி சுற்றிய முடிச்சு ஒன்று இருந்தது. துணியைப் பிரித்தார். கமலவேணி அவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

ஜரிகை இருந்தது. ஆனால் மின்னவில்லை. முடிச்சு முழுக்கப் பச்சையாகப் பூத்திருந்தது, மழைக்காலத்துச் சுவர்ப் பாசி மாதிரி.

கமலவேணியின் முகத்திலிருந்து கிண்டல் போய்விட்டது. ஒரு நுனியை நகத்தால் சுரண்டினாள். விரல்களுக்கு நடுவே உருட்டிப் பார்த்தாள். பிறகு மயில்வாகனத்தின் காதருகே குனிந்து ஏதோ சொன்னாள். மயில்வாகனம் கண்ணை மூடித் திறந்தார். சரி, பேசாதே என்று அதற்கு அர்த்தம்.

உமாபதிக்கோ உற்சாகம் தாங்கவில்லை. "பெட்ரோல் திருடன்னு நெனைச்சேன். இவன் தங்கமே திருடியிருக்கான்! ஏட்டய்யா, எழுதுங்க!"

ஏட்டு தேவசகாயத்துக்கும் உயிர் வந்தது. காருக்கு மேல் காகிதத்தை விரித்து, நடுவில் கார்பன் வைத்து, பேனாவை உதறினார். "பொருள் என்ன?"

"அசல் வெள்ளி ஜரிகை. மேல சொக்கத் தங்க முலாம்." உமாபதி ஒவ்வொரு சொல்லையும் கடைக்குள் கேட்கும்படி சொன்னார். திருட்டுப் புகாரிலும் ஒரு விளம்பரம் கிடைத்தால் அதை விடுகிறவர் இல்லை அவர்.

"கடையில இருக்கிற புடவைங்களும் இதே ஜரிகைதானா?" என்று மயில்வாகனம் பணிவாகக் கேட்டார்.

"ஒரே சரக்கு சார்! வேற சரக்கு என் வாசல்படி ஏறாது." பெரியநாயகியின் பக்கம் திரும்பினார். "அம்மா, நீங்க தோள்ல போட்டுக்கினு இருக்கீங்களே, அதுவும் இந்தக் கட்டுல நெய்ததுதான்!"

பெரியநாயகி பெருமையோடு புடவையைத் தடவிக்கொடுத்தாள்.

ஏட்டு எழுதி முடித்து நிமிர்ந்தார். "தங்கம், வெள்ளின்னு வந்துட்டா மதிப்பு போடணுங்க. கோர்ட்டுல கேப்பாங்க. திருடுன நூல், அது வந்த கட்டு, அதுல நெய்த புடவை ஒண்ணு. மூணும் வேணும். எதுத்தாப்புல நகை செய்யிற பத்தர் கடை இருக்குது. உரைச்சுப் பார்த்து, இன்ன தரம்னு எழுதிக் கையெழுத்துப் போடட்டும்."

"உரைக்கிறதா?" உமாபதியின் குரல் ஒரு படி இறங்கியது. "உரைக்கிறது எதுக்கு?"

"நல்லதுதானே?" என்றார் மயில்வாகனம். "அசல்னு பத்தரே எழுதிட்டா தர்மனுக்கு ஆறு மாசம் நிச்சயம்."

"அது... ஒரு முழம்தானே சார். பாவம், புள்ளகுட்டிக்காரன். பதினோரு வருஷம் ஓட்டியிருக்கான். போவட்டும். மன்னிச்சுட்டேன்."

"நீங்க மன்னிச்சுட்டீங்க. நான் எழுதிட்டேனே?" என்றார் ஏட்டு.

"அழிச்சுடுங்க."

"கார்பன் வெச்சு எழுதியிருக்கேன்."

கமலவேணி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். "பத்தரைக் கூப்புட்டுக்கினு வரேன் சார். ரெண்டு நிமிஷம்." ரோட்டைக் கடக்க ஒரு காலை எடுத்து வைத்தாள்.

"ஏய், நில்லும்மா!" உமாபதி கத்திய கத்தலில் மூன்றாவது சைக்கிளும் நின்றது. "அதைப் போய் யாராவது உரைப்பாங்களா? வெறும் செம்பு அது! செம்பு!"

கடைக்குள் புடவை மடித்துக்கொண்டிருந்தவன் கை பாதி மடிப்பில் நின்றது. சொன்ன சொல் தன் வாயிலிருந்துதான் வந்தது என்பது உமாபதிக்கு உறைக்கச் சில விநாடிகள் ஆயின.

"வெறும் என்னா?" என்று கேட்டாள் பெரியநாயகி.

கமலவேணி ரோட்டிலிருந்து திரும்பி வந்தாள். "வெள்ளி கறுக்கும்மா. பச்சை பூக்காது. களிம்பு ஏர்றது செம்புலதான். செம்புக் கம்பிக்கு மேல பேருக்குக் கொஞ்சம் பூச்சு பூசி ஜரிகைன்னு விக்கிறாங்க. புதுசுல அதுலயும் கரண்ட் ஓடுச்சு. வெள்ளிக்கிழமை எலுமிச்சம்பழத் தண்ணி பட்டதும் களிம்பு ஏறிக்கும். சனிக்கிழமை முள்ளு படுத்துக்கும். நாலு நாள் குலுங்கிக் குலுங்கிக் களிம்பு உதிர்ந்தா திரும்ப எழுந்துக்கும். இவரு சொன்ன மாதிரி அசல் வெள்ளியா இருந்திருந்தா முள்ளு ஆடியிருக்காது. நாங்களும் வந்திருக்க மாட்டோம்."

"உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?" என்றாள் பெரியநாயகி.

கமலவேணி தன் விரல் நுனிகளைப் பார்த்துக்கொண்டாள். சொன்னபோது குரலில் விளையாட்டு இல்லை.

"நானும் இந்தக் கடைக்கு நெய்திருக்கேன். செம்பு ஜரிகை வந்தா விரலுக்கே தெரிஞ்சுடும், மொரமொரன்னு இருக்கும். எங்க தெருவுல எல்லாருக்கும் தெரியும். கேட்டா அடுத்த பாவு குடுக்க மாட்டாங்க, தறி சும்மா கெடக்கும். நெய்தவன் வாயை மூடிக்கினான். உடுத்தினவளுக்குத் தெரியல."

பெரியநாயகி தோளில் இருந்த புடவையை எடுத்தாள். மடிக்கவில்லை. காரின் மேல் அப்படியே போட்டாள். அவளோடு வந்த உறவுக்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து செருப்பைத் தேடினார்கள்.

"ஊருல எல்லாரும் பண்றதுதான் சார்!" என்று உமாபதி மயில்வாகனத்தின் கையைப் பிடித்தார். "வெள்ளி விக்கிற விலையில..."

"ஏங்க," என்றாள் வடிவாம்பாள்.

அவள் படியிலிருந்து இறங்கியே வந்திருந்தாள். "போன வருஷம் நம்ம அறுபதாம் கல்யாணத்துக்கு எனக்கு அரக்குல ஒண்ணு எடுத்துக் குடுத்தீங்களே. உனக்குன்னே தனியாச் சொல்லி நெய்தேன்னீங்களே. அதுவுமா?"

இந்தக் கேள்விக்கு இல்லை என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். வாழ்நாள் முழுக்க வராத தயக்கம் உமாபதிக்கு அந்த நேரம் பார்த்து வந்தது. சட்டைப்பையைத் துழாவினார். வேட்டி மடிப்பைத் துழாவினார். அங்கே எந்தப் பதிலும் இல்லை.

வடிவாம்பாள் திரும்பி மாடியேறிப் போனாள்.

மயில்வாகனம் தர்மனைத் தூக்கி நிறுத்தினார். டிக்கிக்குள் குனிந்து, களிம்பு பிடித்த ஜரிகையை அறுத்து ஏட்டிடம் கொடுத்துவிட்டு, ஒயரின் இரண்டு முனைகளையும் கத்தியால் சுரண்டி, கடையிலிருந்து வாங்கிய ஒயர்த் துண்டு ஒன்றை நடுவில் வைத்து முறுக்கிச் சேர்த்தார். முன்னால் முள் எழுந்து பாதிக்கு மேல் போய் நின்றது. இந்த முறை குலுக்கினாலும் விழவில்லை. ஆனால் அதைப் பார்க்க அங்கே யாருக்கும் அக்கறையில்லை.

"இப்போ இந்தக் காகிதத்தை இன்னா பண்றது?" என்று தேவசகாயம் தலையைச் சொறிந்தார். "பொருள் எழுதியாச்சு. இடம் எழுதியாச்சு. குத்தவாளி பேருதான் காலியா இருக்குது."

"பொருள்ல ஒரு அடி அடிச்சுத் திருத்திக்கோங்க," என்றாள் பெரியநாயகி. கடைக்குள் போய் அந்த ஸ்டூலை இழுத்துவந்து அவர் எதிரில் போட்டு உட்கார்ந்தாள். "பேரு நான் சொல்றேன். மூத்த பொண்ணுக்கும் இந்தக் கடையிலதான் எடுத்தேன். அதையும் சேர்த்து எழுதுங்க."

ஏட்டு உமாபதியைப் பார்த்தார். கையிலிருந்த கலர் பாட்டிலைப் பார்த்தார். அதைத் தரையில் வைத்துவிட்டு, காகிதத்தோடு கடைப் படியில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார்.

வடிவாம்பாள் திரும்பி இறங்கி வந்தபோது ஒரு கையில் சின்ன டிரங்குப் பெட்டி. இன்னொரு கையில் மடித்த அரக்குப் புடவை.

"தர்மா, வண்டியை எடு. ஆரணி போவணும். எங்க அண்ணன் வூட்டுக்கு."

தர்மன் பதினோரு வருஷப் பழக்கத்தில் முதலாளியைத் திரும்பிப் பார்த்தான். உமாபதி ஏட்டின் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். தர்மன் போய்ப் பின்கதவைத் திறந்து பிடித்தான்.

"வடிவு, ஊரு பாக்குது," என்றார் உமாபதி மெதுவாக.

"பாக்கட்டும்," என்றாள் அவள்.

காரில் ஏறுமுன் ஏட்டின் அருகே நின்றாள். அரக்குப் புடவையை அவர் காகிதத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"உரைக்க ஒரு புடவை வேணும்னு சொன்னீங்களே. இதை உரைச்சுப் பாருங்க. பத்தர் என்ன சொன்னார்னு எனக்கு ஒரு கடுதாசி போடுங்க."

தேவசகாயம் எழுந்தே நின்றுவிட்டார். "சாட்சியா உங்க பேரைப் போடலாங்களாம்மா?"

"தாராளமாப் போடுங்க." வடிவாம்பாள் காருக்குள் உட்கார்ந்து பெட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். "விலாசம் மட்டும் ஆரணின்னு போடுங்க."